விட்ட ஓட்டத்தை மீண்டும் பிடிக்க 25 குறிப்புகள்

ஆறு வருடமாகப் பரணில் கிடந்த ஷூவை எடுத்துத் தூசி தட்டி, விடிகாலை ஐந்தேகாலுக்கு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்குப் போனேன். ஒரு காலத்தில் வாரத்துக்கு நாலு நாள் ஓடியவள்தானே என்ற தெம்பு. மூன்றாவது விளக்குக் கம்பத்திலேயே மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் வலது ஷூவின் அடிப்பாகம் கழன்று, கல்லிலிருந்து பாதி எழும்பிய தோசை மாதிரி ‘பட் பட்’ என்று தரையில் அடித்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி நின்றேன். நடைபாதை ஓரத்தில் அருகம்புல் சாறு விற்கும் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “ஓட்றதுக்கு முன்னாடி நாலு நாள் நடக்கக் கூடாதா கண்ணு?” என்றார்.

கீழே இருக்கும் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான். பிரசவம், இடமாற்றம், பெரியவர்களின் படுக்கை, பிள்ளையின் பிளஸ் டூ என்று ஓட்டம் நின்றுபோக ஆயிரம் காரணம் உண்டு. எனக்கு மாமியாரின் நோயும் மகனின் பரீட்சையும். நின்றதில் தப்பே இல்லை. நிறுத்திய வேகத்திலேயே திரும்பவும் தொடங்கப் பார்ப்பதுதான் தப்பு.

கிளம்புவதற்கு முன்

1. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை தடாலென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் பொடியோ சாதாரணச் சர்க்கரையோ இருக்கட்டும். அந்த நேரத்துக்குக் கடலை மிட்டாய் உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏற விடாது.

2. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. டெங்கு போன்ற பெரிய காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள், மாடிப்படி ஏறினால் படபடப்பு வராத நிலை வரும்வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரசவமானவர்களுக்குக் குறைந்தது 3 மாத இடைவெளி வேண்டும். சிசேரியன் என்றாலோ, இருமும்போது சிறுநீர் கசிகிறது என்றாலோ, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே ஓட்டம்.

3. பழைய ஷூவை நம்பாதீர்கள். மேலே புதிது மாதிரி பளபளத்தாலும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் உள்ளே பசை விட்டிருக்கும், மெத்தை உளுத்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள். விளிம்பில் வாய் பிளந்தாலும், கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தை கல் மாதிரி இருந்தாலும், அது இனிமேல் மாடிச் செடிக்குத் தண்ணீர் விடப் போகும்போது போட்டுக்கொள்ளத்தான். தொடர்ந்து ஓடுபவர்களுக்கே ஒரு ஜோடி ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர்வரைதான் உழைக்கும்.

4. புது ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடுவதற்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விலை பார்த்து வாங்காதீர்கள், கடைக்குள் நாலு எட்டு ஓடிப் பார்த்து வாங்குங்கள்.

5. பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாகக் கிடக்கும். கொப்புளம் வர அதுவே போதும். பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் நல்லது. தொடை இடுக்கு, அக்குள் போன்ற உரசும் இடங்களில் ஓடுவதற்கு முன் வாஸலினோ இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயோ தடவிக்கொண்டால் எரிச்சல் வராது.

6. பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த முக்கியமான செலவு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. போட்டுப் பார்க்கும் அறையில் பத்து முறை குதித்துப் பாருங்கள். குலுங்கினாலும் சரி, மூச்சு பிடித்தாலும் சரி, அது உங்கள் அளவு இல்லை.

முதல் எட்டு வாரம்

7. முதல் பத்து நாள் வெறும் நடை. அரை மணி நேரம், கொஞ்சம் வேகமாக. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கிவைத்தது. உங்கள் மாவட்டப் பாதை எங்கே என்று விசாரித்து, அதில் ஒரு பகுதியை நடந்து பாருங்கள். 8 கிலோமீட்டரும் ஒரே நாளில் வேண்டாம்.

8. அதன் பிறகு ஓட்டமும் நடையும் கலந்து போங்கள். மூச்சு முட்டிய பிறகு நடப்பது வேறு, முட்டுவதற்கு முன்பே நடப்பது வேறு. நான் சொல்வது இரண்டாவது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே பிற்பாடு உலகம் முழுக்கப் பரப்பிய முறை இதுதான். ஒலிம்பிக் ஓட்டக்காரரே ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், நமக்கென்ன கௌரவம்?

9. எனக்குப் பலித்த கணக்கு இது. முதல் இரண்டு வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, இப்படி 8 முறை. மூன்றாவது, நான்காவது வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 முறை. ஐந்தாவது, ஆறாவது: 4 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 4 முறை. ஏழாவது, எட்டாவது: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 முறை. எந்த வாரம் கடினமாக இருக்கிறதோ அதையே இன்னொரு வாரம் ஓடுங்கள். யாரும் ஃபெயில் போட மாட்டார்கள்.

10. வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம், வாய் போதும். ஓடிக்கொண்டே “சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி” என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் சரியான வேகம். வைகாசியிலேயே மூச்சு அறுந்தால் குறைக்க வேண்டும். பங்குனிவரை போய்ப் பாட்டும் பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

11. மூன்றாவது, நான்காவது வாரம்தான் ஆபத்தான வாரம். மூச்சு பழகிவிடும், உடம்பு லேசாகிவிடும், ‘பழைய ஆள் திரும்பிவிட்டாள்’ என்று தோன்றும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்பவை. தசைநார்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவையும் எலும்பும் பலப்பட மாதக்கணக்காகும். வெளியே பெயின்ட் காய்ந்த சுவரில் உள்பூச்சு இன்னும் ஈரமாக இருப்பது மாதிரி. திரும்பி வந்தவர்களுக்குக் கணுக்கால், முழங்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

12. ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. வாரத்துக்கு 3 நாள் போதும். ஓய்வு நாளில்தான் உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாளோடு சேர்த்து இரட்டிப்பாக ஓடாதீர்கள். இது சீட்டுக் கட்டுவதல்ல, பாக்கி விழாது.

13. போனில் பழைய ஓட்டக் கணக்கு இருந்தால் மூன்று மாதத்துக்கு அந்த ஆப்பைத் திறக்காதீர்கள். ‘ஆறு வருடத்துக்கு முன் இதே நாளில் 10 கிலோமீட்டர்’ என்று அது எடுத்துக் காட்டினால், இன்றைக்கு ஓடிய ஒன்றரை கிலோமீட்டர் சுவைக்காது. போட்டி போட வேண்டியது முந்தாநாளோடு மட்டும்.

14. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஓடலாம் போலிருக்கும்போதே நிறுத்துங்கள். ‘இன்னும் ஓர் இட்லி போகும்’ என்றிருக்கும்போது இலையை மூடுபவருக்கு அடுத்த வேளை தானாகப் பசிக்கும். ஓட்டமும் அப்படித்தான். தள்ளாடி வீடு வந்தவருக்கு மறுநாள் அலாரம் எதிரி. ஆசை மிச்சம் வைத்து வந்தவர் அலாரம் அடிக்கும் முன்பே விழித்துக்கொள்வார்.

நேரம், இடம், தெரு

15. நம் ஊர் வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அக்னி நட்சத்திரத்தில் மறுபடி தொடங்க வேண்டாம், தொடங்கியே ஆக வேண்டுமென்றால் ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்புச் சூடு இறங்காது. என்னைக் கேட்டால் மறுபடி தொடங்க மார்கழியைவிட நல்ல மாதம் கிடையாது. காற்றில் குளிர், கோலம் போடும் பெண்கள், கோயில் ஒலிபெருக்கி, விழித்திருக்கும் தெரு எல்லாம் அப்போதுதான் சேர்ந்து கிடைக்கும்.

16. கடற்கரை மணலில் ஓடினால் முழங்காலுக்கு நல்லது என்பார்கள். உதிரி மணலில் குதிகால் புதைந்து புதைந்து கெண்டைக்காலும் குதிநாரும் இழுபடும். திரும்பி வருபவர்களுக்கு அது வேண்டாம். அலை நனைத்த இறுகிய மணல் பரவாயில்லை, அதுவும் கடல் பக்கம் சரிவாக இருக்கும். போகும்போதும் வரும்போதும் அதே தூரம் ஓடிச் சரிக்கட்டுங்கள். மண் தரையுள்ள பள்ளி மைதானம் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

17. வட்டப் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் சாலையின் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். சுற்றில் ஓடினால் எங்கே களைத்தாலும் வீடு பக்கத்தில் இருக்கும். நேராகப் போய்விட்டுத் திரும்பி வர முடியாமல் ஆட்டோ பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

18. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் கறுப்புச் சட்டை வேண்டாம், வெள்ளையோ மஞ்சளோ போடுங்கள். பாட்டு கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு காதுக்கு மட்டும் இயர்போன்.

19. தெரு நாய் துரத்தினால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள், ஓடுவதுதான் அதற்கு அழைப்பு. நின்றுவிடுங்கள். கண்ணோடு கண் பார்க்காமல், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.

20. பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மாத்திரை இவற்றை ஒரு சீட்டில் எழுதி, சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். பூட்டிக் கிடக்கும் போனை அவசரத்துக்கு யாராலும் திறக்க முடியாது.

அடுப்படிப் பக்கம்

21. வெறும் வயிற்றில் அரை மணி ஓட்டம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். தலை சுற்றுபவர்கள் அரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். சாயங்காலம் ஓடுபவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். சாம்பார் சாதத்தோடு ஓடினால் விலாவில் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நின்று, அந்த இடத்தைக் கையால் அழுத்தி, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள்.

22. ஓடி முடித்து வந்ததும் கலர் கலரான பாட்டில் பானம் தேவையில்லை. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர், பழைய சோற்று நீராகாரம் எல்லாமே நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. அதனால் நிறைய வியர்த்த அன்று கூடவே ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் மட்டும் உப்பில் கை வைப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். தாகம் இல்லாதபோது வெறும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். பசித்தால் சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிடுங்கள். ஓடிவிட்டோமே என்று நாலு பூரியை உள்ளே தள்ளாதீர்கள்.

23. குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரத்தில் கால்களுக்கு வேலை கொடுக்கலாம். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்கி 15 முறை. பிறகு 10 தோப்புக்கரணம். பிள்ளையாருக்கும் ஆச்சு, தொடைக்கும் ஆச்சு. முட்டி வலி உள்ளவர்கள் தோப்புக்கரணத்துக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கலாம்.

வலியும் பராமரிப்பும்

24. எந்த வலி நல்லது, எந்த வலி கெட்டது? ஓடிய மறுநாள் இரண்டு காலிலும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது தசை பழகும் வலி. ஒரே காலில், விரலால் தொட்டுக்காட்டும்படி ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் எட்டிலேயே குதிகால் குத்தினால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துத் துணி சுற்றி, உள்ளங்காலால் 10 நிமிடம் உருட்டுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் வீட்டுக்கு நடந்து வரப் பார்க்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

25. நனைந்த ஷூவை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், மொட்டை மாடி வெயிலிலும் காயவைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்மெத்தையை உருவி எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாளைக்குள் உலர்ந்துவிடும். நாற்றம் போக ராத்திரி ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, காலையில் தட்டிவிடுங்கள். காய்ந்த ஷூவைப் பரணில் ஏற்றாமல் வாசல் பக்கம் வையுங்கள். கண்ணில் படும் ஷூதான் காலில் ஏறும்.

வயதாகிவிட்டதே, இனிமேலா என்று தயங்குபவர்களுக்கு இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன். கல்யாணம், குழந்தை என்று தடகளத்தை விட்டு விலகியிருந்த பி.டி. உஷா திரும்பி வந்து, 1998-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு 34 வயது. பஞ்சாப் விவசாயி ஃபவுஜா சிங், மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துக்கத்தில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட்டத்துக்குத் திரும்பியவர். 2000-இல் லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2011-இல் டொரோண்டோவில் அவர் மாரத்தான் முடித்தபோது அவருக்கு 100 வயது என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த 42 கிலோமீட்டரை அவர் ஓடியது ஓடியதுதான்.

நான் மறுபடி தொடங்கி நாலு மாதமாகிறது. முன்பு 29 நிமிடத்தில் ஓடிய 5 கிலோமீட்டருக்கு இப்போது 41 நிமிடம் ஆகிறது. முன்பு வாட்சைப் பார்த்தபடி ஓடியதில் கடலை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது கட்டுமரங்கள் கரையேறுவதைப் பார்த்தபடி ஓடுகிறேன், நடக்கிறேன், மறுபடி ஓடுகிறேன். முடித்துவிட்டு அருகம்புல் அம்மாவிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறேன். “இப்ப சரி” என்கிறார்.

நாளைக் காலையில் பத்தே பத்து நிமிடம் போய் வாருங்கள். பதினோராவது நிமிடத்தை நாளை மறுநாளுக்கு மிச்சம் வையுங்கள்.